காலருக்குள் பார்

அன்புள்ள சேகர்,

இரண்டு கடிதத்துக்கும் பதில் போடவில்லை. திட்டிக்கொள். வீட்டில் எல்லாரும் சௌக்கியம். மாமா இன்னும் கடிகாரத்தைக் கழற்றி மாட்டிக்கொண்டேதான் இருக்கிறார்.

1949இல் ஜப்பானின் டாய்யே கம்பெனி எடுத்த கண்ணுக்குத் தெரியாத மாயமனிதன் படத்தை, "நூல் கட்டி இழுத்ததுதானே" என்று ஒரே வரியில் முடித்துவிட்டாய். அந்தக் கோபத்தில்தான் எழுதுகிறேன். வைர நெக்லஸ் கொள்ளை, மருந்தைக் குடிக்கவைத்து ஏமாற்றும் வில்லன், மாற்று மருந்து கிடையாது... கதை சுமார்தான், ஒத்துக்கொள்கிறேன். தொப்பி நகர நூல் போதும். தலையில்லாத கோட்டு நடந்து வர எந்த நூலைக் கட்டுவாய்?

அதற்கு வழி, 1933இல் ஹாலிவுட் மாயமனிதன் படத்துக்குத் தந்திரக் காட்சி நிபுணர் ஜான் ஃபுல்டன் செய்துகாட்டிய முறை. ஆளுக்கு உச்சந்தலை முதல் விரல் நுனிவரை கறுப்பு வெல்வெட், அதன்மேல் கோட்டு, பின்னாலும் கறுப்பு வெல்வெட். சாட்டின் உதவாது, விளக்கு பட்டால் மினுங்கும். எடுத்ததை, தனியாக எடுத்த அறைக் காட்சிமேல் சும்மா டபுள் எக்ஸ்போஷர் செய்தால், அதாவது ஒன்றன்மேல் ஒன்றாகப் பதித்தால், கோட்டுக்குள் நாற்காலி தெரியும், பேய்ப்படம் ஆகிவிடும். அதனால் கோட்டின் உருவத்துக்கே ஒரு மாஸ்க் ஃபிலிம் தயாரித்து, பிரின்ட் போடும்போது அறைக் காட்சியில் அந்த இடத்தை மட்டும் மறைத்து, அங்கே கோட்டைப் பதிக்க வேண்டும். ஃபிலிம் மயிரிழை சுருங்கினாலும் ஓரத்தில் கறுப்புக் கோடு விழும்.

இன்னொரு தொல்லை, கை. வெல்வெட் கையுறை போட்ட கை மார்புக்குக் குறுக்கே வந்தால், கோட்டில் கை அளவுக்கு ஓட்டை விழுந்து பின்னாலுள்ள சுவர் தெரியும். அதைவிட மோசம் காலர். தலை இல்லையென்றால் காலரின் உள்பக்கம் நமக்குத் தெரிய வேண்டும், இல்லையா? ஆனால் நடிகரின் கறுப்புக் கழுத்து அதை மறைத்துக்கொண்டு நிற்கும். வெல்வெட் முகமூடியில் நடிகர் பார்ப்பதற்கு விட்ட கண் துளைகளையும் சேர்த்து, இந்தப் பிசிறையெல்லாம் ஃபிரேம் ஃபிரேமாகத் தூரிகையால் சரிசெய்ய வேண்டும். முகம் முழுக்கக் கட்டுப்போட்டு, கறுப்புக் கண்ணாடி மாட்டி மாயமனிதனை ஏன் உலவவிடுகிறார்கள் என்று இப்போது புரிகிறதா? பாதிப் படத்துக்குத் தந்திரக் காட்சியே வேண்டாம்!

அந்த 1949 படத்தின் தந்திரக் காட்சிகளைச் செய்தவர் சுபுராயா எய்ஜி. போர்க்காலப் படங்களில் வேலை செய்ததற்காக, போருக்குப் பின் ஜப்பானில் நடந்த அமெரிக்க ஆக்கிரமிப்பு ஆட்சிக் காலத்தில் தோஹோ பட கம்பெனியை விட்டு வெளியேற்றப்பட்டிருந்த மனிதர். 1954இல் தோஹோவிலேயே இன்னொரு மாயமனிதனைச் செய்தார், காட்ஸில்லா வந்த அடுத்த மாதம். அதில் நாயகன் கோமாளி வேடக்காரன். கட்டுக்குப் பதில் முகப்பூச்சு. போரில் மாயமனிதர்களாக மாற்றப்பட்ட சிப்பாய்ப் படையில் மிஞ்சியவன் அவன். அந்த இடத்தில் மட்டும் உன் கிண்டலை அடக்கிக்கொள்.

இரண்டையும் மறுபடி பார். காலரை மட்டும் கவனி. நூல் கண்ணில் பட்டால் எந்தக் காட்சி என்று எழுது.

உன்,
ரவி