‘நாம் வந்து செய்துகொள்ளலாம்’: ஒரு தம்பிக்குக் கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

கட்சியின் செய்தித் தொடர்பாளராக உன் பெயர் வந்த அன்றே வாழ்த்து எழுதியிருக்க வேண்டும். பிந்திவிட்டது. இப்போது வாழ்த்தும் குறையும் சேர்ந்தே வருகின்றன, பொறுத்துக்கொள்.

போன வாரம் தொலைக்காட்சி விவாதத்தில் உன்னைப் பார்த்தேன். நன்றாகத்தான் பேசினாய், கையைக் கொஞ்சம் குறைவாக ஆட்டலாம். முடிந்ததும் உன்னைக் கூப்பிட்டு, "அந்தத் திட்டம் நல்லதுதானே, ஏன் அத்தனை காட்டமாக எதிர்த்தாய்?" என்று கேட்டேன். "நல்ல திட்டம்தான் அக்கா. ஆனால் இப்போது நிறைவேறினால் பேர் அவர்களுக்குப் போய்விடும். நாம் வந்து செய்துகொள்ளலாம்" என்றாய்.

அந்தக் கடைசி வாக்கியத்துக்காகத்தான் இந்தக் கடிதம். உன்னிடம் தனியாகச் சொல்லியிருக்கலாம். ஆனால் உன்னைப் போன்ற தம்பிகள் எல்லாக் கட்சியிலும் இருக்கிறார்கள். உன் கட்சி எது என்று இங்கே எழுதப்போவதில்லை. எந்தப் பெயரைப் போட்டாலும் கடிதத்தில் ஒரு வரிகூட மாறாது.

ஆட்சிக்கு ஆசைப்படாத கட்சி என்று ஒன்று கிடையாது, அது எனக்கும் தெரியும். பதவி இல்லாமல் சாலையும் போட முடியாது, சட்டமும் போட முடியாது. எதிர்க்கட்சி என்றால் எதிர்க்கத்தான் வேண்டும். அதில் எனக்குத் தகராறு இல்லை. ‘நாம் வரும்வரை’ என்ற அந்த இடைவெளி இருக்கிறதே, அதற்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்பதுதான் என் கேள்வி.

சரக்கு சேவை வரியை (ஜி.எஸ்.டி.) எடுத்துக்கொள். 2006 பட்ஜெட்டில், 2010 ஏப்ரலிலிருந்து கொண்டுவருவோம் என்று நிதியமைச்சர் ப. சிதம்பரம் சொன்னார். 2011-ல் காங்கிரஸ் அரசு அதற்கான அரசியல் சட்டத் திருத்த மசோதாவை மக்களவையில் வைத்தது. பாரதிய ஜனதா ஆண்ட குஜராத்தும் மத்தியப் பிரதேசமும் கடுமையாக எதிர்த்தன. மசோதா அப்படியே கிடந்து, 2014-ல் அவை கலைந்தபோது காலாவதியானது. அப்புறம் ஆட்சி மாறியது. எதிர்த்த கட்சி அதே வரியை நாட்டின் மாபெரும் சீர்திருத்தம் என்று கொண்டுவந்தது. பெற்றெடுத்த காங்கிரஸ், வரி விகிதத்துக்கு 18 சதவீத உச்சவரம்பைச் சட்டத்திலேயே எழுத வேண்டும் என்று கேட்டு, 2015-ல் மாநிலங்களவையில் முட்டுக்கட்டை போட்டது. 2016 ஆகஸ்டில் ஒருவழியாக நிறைவேறியது. 2017 ஜூன் 30 நள்ளிரவில் நாடாளுமன்ற மைய மண்டபத்தில் வரியின் தொடக்க விழா நடந்தபோது காங்கிரஸ் அந்தப் பக்கமே போகவில்லை. தன் பிள்ளையின் கல்யாணத்துக்குத் தானே போகாத கதை.

அந்த வரியில் உண்மையான சிக்கல்கள் இல்லாமல் இல்லை. மாநிலங்கள் தங்கள் வருவாய் போய்விடுமே என்று பயந்ததில் நியாயம் இருந்தது. பொருள் நுகரப்படும் மாநிலத்துக்கே இந்த வரி போகும் என்பதால், உற்பத்தி மாநிலமான தமிழ்நாட்டுக்கு அந்தப் பயம் கூடுதலாகவே இருந்தது. வரி இப்படி வந்ததே நல்லதா என்பது வேறு சண்டை, அதை இன்னொரு நாள் போடலாம். ஆனால் அந்தச் சிக்கல்கள் இரண்டு ஆட்சியிலும் இருந்தன. 2014-ல் முக்கியமாக மாறியது யார் எந்த வரிசையில் உட்கார்ந்தார்கள் என்பதுதான்.

நாடாளுமன்ற, சட்டமன்றத் தொகுதிகளில் மகளிருக்கான இட ஒதுக்கீட்டைப் பற்றிப் பேசினால் எனக்குக் கோபம்தான் வரும், அதனால் சுருக்கமாக. 1996-ல் முதல் மசோதா. 2010-ல் மாநிலங்களவை நிறைவேற்றியது. மக்களவையில் எடுக்கவே இல்லை. 2023 செப்டம்பரில்தான் இரு அவைகளும் நிறைவேற்றின. அப்போதும், மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் தொகுதி மறுவரையறையும் முடிந்த பிறகுதான் என்று ஒரு நிபந்தனை. இத்தனை ஆண்டுகளில் காங்கிரசோ பாரதிய ஜனதாவோ ‘வேண்டாம்’ என்று மேடையில் சொன்னதில்லை. 27 வருடம் என்பது, மசோதா வந்தபோது பிறந்த ஒரு பெண் தானே தேர்தலில் நிற்கும் வயதைத் தாண்டிய காலம்.

இங்கெல்லாம் போனது வருடங்கள். பக்கத்து நாடான இலங்கையில் போனது உயிர்கள்.

1957 ஜூலையில் பிரதமர் பண்டாரநாயக்கவும் தமிழர் தலைவர் செல்வநாயகமும் ஒப்பந்தம் செய்தார்கள். பிரதேச சபைகள் வழியாகத் தமிழர் பகுதிகளுக்குக் கொஞ்சம் அதிகாரம், நிர்வாகத்தில் தமிழுக்குக் கொஞ்சம் இடம். எதிர்க்கட்சியான ஐக்கிய தேசியக் கட்சிக்கு அது நல்ல வாய்ப்பாகத் தெரிந்தது. அந்தக் கட்சியின் ஜே.ஆர். ஜயவர்தன ஒப்பந்தத்தை எதிர்த்து அந்த அக்டோபரில் கண்டிக்குக் கால்நடையாகப் புறப்பட்டார். வழியில் இம்புல்கொடவில் மறித்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஆனால் நெருப்பு பற்றிவிட்டது. 1958 ஏப்ரலில் பிக்குகள் பிரதமரின் வீட்டு வாசலில் உட்கார்ந்தார்கள், ஒப்பந்தம் கைவிடப்பட்டது. மே மாதம் தமிழர்களுக்கு எதிரான கலவரம்.

1965-ல் காட்சி அப்படியே திரும்பியது. இந்த முறை ஐக்கிய தேசியக் கட்சியின் டட்லி சேனநாயக்க செல்வநாயகத்தோடு கையெழுத்திட்டார். தெருவில் இறங்கியது பண்டாரநாயக்கவின் சுதந்திரக் கட்சியும் அதோடு சேர்ந்த இடதுசாரிகளும். அதுவும் நிறைவேறவில்லை. 2000 ஆகஸ்டில் சுதந்திரக் கட்சியின் ஜனாதிபதி சந்திரிகா, அதிகாரப் பகிர்வுக்கான புதிய அரசியலமைப்பு வரைவைக் கொண்டுவந்தபோது, ஐக்கிய தேசியக் கட்சி உறுப்பினர்கள் அதன் பிரதிகளை நாடாளுமன்றத்துக்குள்ளேயே கொளுத்தினார்கள். ஆட்சியில் இருந்தால் ஒப்பந்தம், எதிரில் இருந்தால் ஊர்வலம். இரண்டு கட்சியும் இரண்டு வேடத்தையும் போட்டன. ‘நாம் வந்து செய்துகொள்ளலாம்’ என்று அங்கேயும் ஒரு தம்பி சொல்லியிருப்பான்.

நீ சொல்லப்போகும் பதில் எனக்குத் தெரியும். "கொறடா உத்தரவு போட்டால் ஓர் உறுப்பினர் என்ன செய்ய முடியும்?" உண்மைதான். 1967-ல் ஹரியானாவில் கயா லால் இரண்டே வாரத்தில் மூன்று முறை கட்சி மாறினார். அப்படிப்பட்டவர்களைத் தடுக்கத்தான் 1985-ல் கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்தது. இன்று, கட்சியின் உத்தரவை மீறி வாக்களித்தால் பதவி போகலாம். விலைபோகிறவரும் மனச்சாட்சிப்படி வாக்களிக்கிறவரும் அதன் கண்ணுக்கு ஒன்றுதான். இதில் வேடிக்கை என்னவென்றால், மொத்தமாகப் போகிறவர்களுக்கு வழி இருக்கிறது. மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர்கள் சேர்ந்து போனால் அதற்கு ‘இணைப்பு’ என்று பெயர்.

ஆனால் தம்பி, கொறடா வாக்குக்குத்தான் உத்தரவு போடுகிறார். ‘இது நல்ல திட்டம், இந்த இரண்டு பிரிவைத் திருத்துங்கள்’ என்று மைக் முன்னால் சொன்னதற்காக எந்தச் சட்டமும் யார் பதவியையும் பறித்ததில்லை. நீயோ உறுப்பினர்கூட இல்லை.

கட்சி கோபித்துக்கொள்ளும் என்கிறாயா? கோபித்துக்கொள்ளலாம். 1994-ல் ஜெனீவாவில், ஐ.நா. மனித உரிமை ஆணையத்தில், காஷ்மீர் பற்றி இந்தியாவுக்கு எதிராகப் பாகிஸ்தான் தீர்மானம் கொண்டுவந்தது. பிரதமர் நரசிம்ம ராவ் இந்தியக் குழுவுக்குத் தலைவராக அனுப்பியது எதிர்க்கட்சித் தலைவர் வாஜ்பாயை. வெளியுறவு இணை அமைச்சராக இருந்த சல்மான் குர்ஷித் அந்தக் குழுவில் ஓர் உறுப்பினர். தீர்மானம் திரும்பப் பெறப்பட்டது. பேர் வாஜ்பாய்க்கும் கிடைத்தது, ராவுக்கும் கிடைத்தது. இரண்டு பேரும் ஒன்றும் துறவிகள் இல்லை. அடுத்த தேர்தலில் அவர்கள் கட்சிகள் எதிரெதிராகத்தான் நின்றன, அதில் ராவின் கட்சி தோற்றது. ஜெனீவாவால் தோற்றது என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

உன்னிடம் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. நாடாளுமன்ற விவாதங்கள் இணையத்தில் கிடக்கின்றன. அடுத்த விவாதத்துக்குப் போகுமுன், அதே பொருளில் உன் கட்சிக்காரர்கள் எதிர்வரிசையில் இருந்தபோது பேசியதையும் ஆளும் வரிசையில் இருந்தபோது பேசியதையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படி. இரண்டில் எது உனக்குச் சரி என்று படுகிறதோ, அதை எனக்கு மட்டுமாவது சொல்.

பத்து மணிக்குள் கூப்பிடு. அதற்குமேல் நான் விழித்திருப்பதில்லை.

அன்புடன்,
அக்கா