பேனருக்குப் பணம் உண்டு, பஸ்ஸுக்கு இல்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

வசதியில்லாத பெண்களின் கர்ப்பகாலப் பராமரிப்புக்காக உள்ளூர் அமைப்புகளுக்கு மானியம் கொடுத்ததாக அவ்வப்போது செய்தி வருகிறது. யார் கொடுத்தார்கள், எவ்வளவு கொடுத்தார்கள் என்பதோடு செய்தி முடிந்துவிடும். அந்தப் பணத்தை எதற்குச் செலவழிக்கலாம், எதற்குத் தொடக்கூடாது என்று கூடவே ஒரு நிபந்தனைப் பட்டியல் வருமே, அதைப் பற்றிப் பேச்சே இல்லை. அப்படியொரு சின்னக் குழுவில் வேலை பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன், வினையே அங்கேதான் இருக்கிறது.

முகாம் போடலாம், நோட்டீஸ் அடிக்கலாம், பேனர் கட்டலாம். ஆனால் செக்கப்புக்கு வரும் பெண்ணின் பஸ் செலவுக்கோ, அவள் டாக்டரைப் பார்க்கும்வரை மூத்த குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளுக்கோ, வீடு வீடாகப் போய்க் கூப்பிடும் பெண்ணின் சம்பளத்துக்கோ எடுக்கக் கூடாது. நிர்வாகச் செலவாம்! செக்கப் நல்லது என்று தெரியாமலா பெண்கள் வராமல் இருக்கிறார்கள்? பெரும்பாலோருக்குத் தெரியும். ஒரு நாள் போனால் அன்றைய கூலி போச்சு, போன இடத்தில் காத்திருப்பு, சில சமயம் திட்டு வேறு, அதனால் அடுத்த வாரம், அடுத்த மாதம் என்று தள்ளிக்கொண்டே போகிறது.

முதல் செக்கப் 12 வாரத்துக்குள், மொத்தம் குறைந்தது 8 முறை என்று உலக சுகாதார நிறுவனம் 2016-இல் சொன்னது. அதற்கு முன் 4 முறை போதும் என்றிருந்தது. பிரஷர் ஏறுவது ஆரம்பத்தில் உடம்புக்குத் தெரியாது, அளந்தால்தான் தெரியும். அந்த ஆபத்து அதிகம் உள்ளவர்களுக்கு டாக்டர்கள் கொடுக்கும் குறைந்த அளவு ஆஸ்பிரினை 16 வாரத்துக்கு முன்பே ஆரம்பித்தால்தான் நல்ல பலன். ஏழாம் மாதம் வந்து நிற்பவருக்கு இது கைநழுவிப் போயிருக்கும்.

அடுத்தது காலம். மானியம் பெரும்பாலும் ஒரே வருடத்துக்கு. ஆள் எடுத்து, பயிற்சி கொடுத்து, அந்தத் தெருவில் நாலு பேர் நம்பிக் கதவைத் திறப்பதற்கே சில மாதம் போய்விடும், அப்புறம் இரண்டாம் மாதத்தில் இருக்கும் ஒரு பெண் சேர்ந்தால் அவளுக்குப் பிரசவம் ஆகும்போது மானியம் முடிந்து நாங்கள் அறிக்கை எழுதிக்கொண்டிருப்போம். கர்ப்பத்துக்கு ஆகும் காலத்தைக்கூடவா கணக்குப் பார்க்க மாட்டார்கள்?

எல்லா ஊருக்கும் கொஞ்சம் கொஞ்சம் என்று தெளிப்பதும் வீண்தான். பங்களாதேஷில் ஒரு சோதனை நடந்தது. உள்ளூர்ப் பெண் ஒருவர் நடத்த, பெண்கள் மாதாமாதம் கூடி, கர்ப்பத்திலும் பிரசவத்திலும் வரும் பிரச்சினைகளைப் பேசி, தாங்களே வழி தேடும் குழுக்கள். சுமார் 1400 பேருக்கு ஒரு குழு என்று நடத்தியபோது பச்சிளங்குழந்தை மரணம் குறைந்ததாகச் சொல்ல முடியவில்லை; 2010-இல் வந்த முடிவு அது. பிறகு அதையே சுமார் 300 பேருக்கு ஒரு குழு என்று நெருக்கமாக நடத்தினார்கள். 2013-இல் வெளியான முடிவில் அந்த மரணம் 38 சதவீதம் குறைந்திருந்தது. இதே மாதிரிக் குழுக்கள் நேபாளத்தில் அவசரத்துக்குப் பொதுப்பணம் சேர்த்தன, நோயாளியைத் தூக்கிப்போக ஸ்ட்ரெச்சர் ஏற்பாடு செய்தன. எந்த மானியப் படிவத்தில் இதற்கெல்லாம் கட்டம் இருக்கிறது?

பணம் தவறாகப் போய்விடுமோ என்று கொடுப்பவர்கள் பயப்படுவது நியாயம்தான், கணக்குக் கேட்கட்டும். ஆனால் முதலில் செலவழியுங்கள், பிறகு பில் கொடுத்து வாங்கிக்கொள்ளுங்கள் என்றால் கையில் காசில்லாத பெண்கள் குழு எங்கே போகும்? விண்ணப்பம் எழுதத் தனி ஆள் வைத்திருக்கும் பெரிய அமைப்புக்கே மறுபடி மறுபடி போகிறது. ஆஸ்பத்திரியில் டாக்டரும் மருந்தும் இல்லையென்றால் எந்தக் குழுவாலும் ஒன்றும் செய்ய முடியாது என்பதும் உண்மை, அது அரசின் வேலை, அதை மானியத்தின் தலையில் கட்டக் கூடாது.

அடுத்த முறை இப்படியொரு செய்தி போடும்போது முகாமுக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்பதோடு விடாதீர்கள். வந்தவர்களில் எத்தனை பேர் 12 வாரத்துக்குள் வந்தார்கள், எத்தனை பேர் திரும்ப வந்தார்கள், பணம் எத்தனை வருடத்துக்கு, பஸ் செலவு அதில் உண்டா என்று உங்கள் நிருபரைக் கேட்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகி