ஜப்பானிய மொழி பயில்வோர் சங்கம், காரைக்குடி: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும், வராத பெரும்பாலோருக்கும் வணக்கம்.

பொங்கல் விழா, ஓரிகாமி பயிற்சி இரண்டும் நல்லபடியாக நடந்தன. ஜேஎல்பிடி என்னும் ஜப்பானிய மொழித் திறன் தேர்வை டிசம்பரில் எழுதச் சென்னை போனவர்கள் எழுதிவிட்டுத் திரும்பினார்கள்.

இனி பேச்சுப் பயிற்சி அட்டைகள். இது எதற்கு என்று போன பொதுக்குழுவில் கேட்டார்கள். ஜேஎல்பிடி-யில் அடிநிலையான என்5 முதல் உச்சநிலையான என்1 வரை எந்த நிலையிலும் பேச்சுத் தேர்வு கிடையாது. படிக்கலாம், கேட்கலாம், விடை வட்டத்தைக் கறுப்பாக்கலாம். அதனால்தான் என்3 தேறிய நம் உறுப்பினர் ஒருவர், கானாடுகாத்தான் வீட்டுச் சுவரில் ஜப்பான் டைல் இருப்பதைப் பார்த்து அசந்துபோன ஜப்பானிய விருந்தாளியிடம் "ஹை, ஹை" (ஆமாம், ஆமாம்) என்று தலையாட்டிக்கொண்டே நின்றார்.

அட்டைகள் இரண்டிரண்டாக வரும். ஒருவர் கையில் ஆத்தங்குடிக் கல் (தரை டைல்) செய்யும் படங்கள், வரிசை கலைந்து. எதிரே இருப்பவரிடம் வரிசை மட்டும்: கண்ணாடி மேல் அச்சை வைத்து வண்ணச் சிமெண்டை ஊற்றுவது, அதன் மேல் மணலும் சிமெண்டும், பிறகு தண்ணீரில் ஊறப்போடுவது, காயவைப்பது. அட்டையைக் காட்டக் கூடாது. "சோரெகாரா?", அதாவது அப்புறம் என்ன என்று கேட்டுக் கேட்டுத்தான் படங்களை அடுக்க முடியும்.

தமிழ் எழுத்தில் அச்சடிக்கச் சொன்னார்கள்; மறுத்துவிட்டேன். ஜப்பானிய மொழியில் வானிலை tenki, மின்சாரம் denki; தமிழில் எழுதினால் இரண்டுமே 'டெங்கி'. குறில் நெடில் நமக்குக் கைவந்தது. இந்த t, d வித்தியாசம் காதால் கேட்டுத்தான் வரும். ஆகவே ஜப்பானிய ஹிரகானா எழுத்தும் ஒலிப்பதிவும்.

அங்கேதான் சிக்கல். குரல் தருவதாகச் சொன்னவர்களில் ஒருவருக்கு முன்னோருக்கான படைப்பு, இன்னொருவருக்கு உறவினரின் வயது நிறைவுச் சாந்தி. படைப்பும் சாந்தியும் இல்லாத ஞாயிறு செட்டிநாட்டில் ஏது, சரி. ஆனால் எல்லா ஞாயிறுமா? கடைசியில் கேட்பவரும் நானே, சொல்பவரும் நானே என்று பதிவாகியிருக்கிறது.

வரவும் செலவும் ஏறக்குறைய சமம். அட்டைகளை லேமினேஷன் செய்த செலவு 'இதர' என்ற தலைப்பில் இருக்கிறது. ஒரு பகுதி என் கையிலிருந்து போனது, அதைப் பெரிதுபடுத்தவில்லை. சந்தா பாக்கி உள்ளவர்கள் பட்டியலைப் படிக்க வேண்டாம் என்று தலைவர் கேட்டுக்கொண்டதால் படிக்கவில்லை.

இடம் தந்த பள்ளி நிர்வாகத்துக்கும், காபி ஏற்பாடு செய்தவர்களுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு மருத்துவமனை, ரயில் நிலையம் பற்றிய அட்டைகள் திட்டமிட்டிருக்கிறோம். இரண்டு குரல் வேண்டும், ஒன்று பெண் குரலாக இருந்தால் நல்லது. சந்தா கட்டியவர்தான் பேசலாம் என்று நான் சொல்லவில்லை. பொருளாளர் வாசலருகே ரசீதுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கிறார்.

செயலாளர்