ஆங்கிலப் பேச்சுப் பயிற்சிக் குழு நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஒருங்கிணைப்பாளர்களுக்கு,

வணக்கம். நூலகக் கூடத்திலும், கல்லூரி விட்ட பிறகு மாலையிலும், இரவு ஒன்பது மணிக்கு கூகுள் மீட்டிலும் ஆங்கிலம் பேசிப் பழகும் குழுக்களைக் காசு வாங்காமல் நடத்துகிறீர்கள். அந்த உழைப்பின் மேல் இருக்கும் மதிப்பால்தான் இதை எழுதுகிறேன். உங்களில் பலருடைய சேர்க்கைப் படிவத்தில் 'பிகினர், இன்டர்மீடியட், அட்வான்ஸ்டு' என்று மூன்று கட்டங்கள் இருக்கின்றன. தயவுசெய்து அவற்றை மாற்றுங்கள்.

தமிழ் வழியில் படித்துப் பட்டம் வாங்கிய ஒருவர் அந்தப் படிவத்தை எப்படி நிரப்புவார்? ஆங்கிலச் செய்தித்தாள் படித்தால் அவருக்குப் புரிகிறது. அலுவலக மின்னஞ்சலைச் சமாளித்துவிடுகிறார். வாயைத் திறந்தால் மட்டும் இரண்டாவது வாக்கியம் வரமாட்டேன் என்கிறது. பள்ளியில் 12 வருடம் பாடமாகப் படித்த பிறகு பிகினர் என்று போடக் கூச்சமாக இருக்கிறது. இன்டர்மீடியட் என்று டிக் செய்கிறார். முதல் நாளே, கடகடவென்று பேசும் நாலு பேருக்கு நடுவில் மைக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார். சில வாரங்களில் குழுவிலிருந்து விலகிவிடுகிறார். அவருக்கு ஆர்வம் இல்லை என்று நீங்கள் நினைத்துக்கொள்கிறீர்கள். இதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். ஒவ்வொரு முறையும் வருத்தமாக இருக்கிறது.

மொழித்திறனை மதிப்பிட ஐரோப்பிய கவுன்சில் (Council of Europe) 2001இல் வெளியிட்ட சிஇஎஃப்ஆர் (CEFR) அளவுகோல் உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். கீழிருந்து மேலாக ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2 என்று ஆறு நிலைகள். ஒருவர் அந்த மொழியில் என்னென்ன செய்ய முடியும் என்பதைத்தான் அது கேட்கிறது. கேட்டல், வாசித்தல், எழுதுதல் எல்லாவற்றுக்கும் தனித்தனி விளக்கம் உண்டு. பேச்சையே இரண்டாகப் பிரிக்கிறது: பிறரோடு உரையாடுவது ஒன்று, ஒரு விஷயத்தைத் தானே தொடர்ந்து பேசுவது இன்னொன்று. ஒரே ஆள் வாசிப்பில் பி2, உரையாடலில் ஏ2 என்று இருக்கலாம். நம் ஊரில் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கிறார்கள். உங்களுக்குத் தெரிய வேண்டியது அவருடைய உரையாடல் நிலை. அதைக் கண்டுபிடிக்க இருபது கேள்வி இலக்கணத் தேர்வு எதற்கு? அது காட்டுவது அவருடைய வாசிப்பை.

உரையாடலுக்கான விளக்கங்களைக் கொஞ்சம் பாருங்கள். எதிரில் இருப்பவர் மெதுவாகத் திருப்பிச் சொல்லவும், சொல்ல வருவதைச் சொல்ல உதவவும் தயாராக இருந்தால் எளிமையாக உரையாட முடியும் என்பது ஏ1. சின்னச் சின்னப் பரிமாற்றங்கள் முடியும், ஆனால் பேச்சைத் தானே நடத்திக்கொண்டு போகும் அளவுக்குப் புரியாது என்பது ஏ2. குடும்பம், வேலை, பயணம் என்று பழக்கமான விஷயத்தில் முன்தயாரிப்பு இல்லாமல் கலந்துகொள்ள முடிந்தால் பி1. பி2க்காரர் விவாதத்தில் இறங்கித் தன் கருத்துக்குக் காரணம் சொல்லுவார்.

முதல் நிலையின் விளக்கத்திலேயே எதிரில் இருப்பவரின் உதவி சேர்ந்திருக்கிறது. ஏ1 ஆட்களை மட்டும் தனி அறையில் போட்டு 'நீங்களே பேசிப் பழகுங்கள்' என்பது அவர்களைக் கைவிடுவதாகும். அப்படிப்பட்ட ஒவ்வொரு அறையிலும் பி1க்கு மேல் ஒருவராவது இருக்க வேண்டும். நிறுத்தி நிதானமாகப் பேசுவதே அவர் வேலை என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். தலைப்பும் நிலைக்குத் தகுந்தபடி அமையட்டும். ஏ2 குழுவுக்கு 'செயற்கை நுண்ணறிவு நன்மையா தீமையா' வேண்டாம். வாடகை வீடு கேட்டுப் பேசுவது, நேற்று பேருந்தில் நடந்ததைச் சொல்வது, மருத்துவரிடம் உடம்புக்கு என்ன என்று சொல்வது போதும். அதற்கே ஒரு மணி நேரம் பத்தாது.

சரி, நிலையை எப்படித் தெரிந்துகொள்வது? மேலே சொன்ன விளக்கங்களைத் தமிழிலேயே படிவத்தில் போட்டு, தனக்குப் பொருந்துவதைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். பிறகு ஐந்து நிமிடம் தொலைபேசியில் பேசுங்கள். முதலில் அவரைப் பற்றி, அடுத்து அவர் பார்த்த ஒரு சம்பவம், கடைசியில் ஏதாவது ஒன்றில் அவர் கருத்து. எங்கே திணறுகிறார் என்பது தெரிந்துவிடும். உச்சரிப்பை வைத்து மட்டும் நிலையை முடிவு செய்யாதீர்கள். மதுரைப் பேச்சின் சாயலோடு பி2வில் இருப்பவர் நிறையப் பேர். சிஇஎஃப்ஆருக்கு 2020இல் வந்த துணைத் தொகுதி, தாய்மொழியாகப் பேசுவோரோடு ஒப்பிடுவதையே நிலை விளக்கங்களிலிருந்து எடுத்துவிட்டது.

இன்னொன்று, '30 நாளில் சரளம்' என்று போஸ்டர் போடாதீர்கள். ஆங்கிலத் தேர்வுகள் நடத்தும் கேம்பிரிட்ஜ் தரும் உத்தேசக் கணக்குப்படி, ஆரம்பத்திலிருந்து ஏ2 வர 180 முதல் 200 மணி நேரம் வழிகாட்டலோடு படிக்க வேண்டும். பி1க்கு 350 முதல் 400, பி2க்கு 500 முதல் 600. வாரம் ஒரு மணி நேரக் குழுவில் வருடத்துக்கு ஐம்பது மணி நேரம்கூடத் தேறுவது கடினம். அதிலும் இருபது பேர் இருந்தால் ஆளுக்கு மூன்று நிமிடம்தான் பேச்சு. ஆறு பேராகப் பிரித்தால் பத்து நிமிடம் கிடைக்கும். இதை முதல் நாளே வெளிப்படையாகச் சொல்லிவிட்டால், இரண்டு மாதத்தில் மாற்றம் தெரியவில்லையே என்று யாரும் தன்னையே நொந்துகொண்டு போக மாட்டார்கள்.

அடுத்த சேர்க்கைக்கு முன் படிவத்தை மாற்ற முடியுமா என்று பாருங்கள். நிலை விளக்கங்களை எளிய தமிழில் எழுதித் தர ஆள் வேண்டுமென்றால் நான் தயார்.

அன்புடன்,
ஒரு பயிற்சிக் குழுவில் உதவியாளராக இருக்கும் வாசகர்