லவ்டேல் அண்ணனின் வண்டி சாகவில்லை

உதகை
ஞாயிறு இரவு

அன்புள்ள மணி,

இங்கே எல்லோரும் நலம். மகள் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள்; இன்னும் நாள் இருக்கிறது. உன் சர்க்கரை அளவைத் தங்கச்சியிடம்தான் கேட்க வேண்டும், உன்னிடம் கேட்டால் உண்மை வராது. குசலம் இத்தோடு போதும். இந்தக் கடிதம் முழுக்க வண்டியைப் பற்றியது.

லவ்டேல் அண்ணனின் மாஸ்டா காரின் இன்ஜினையே தூக்கிப் போடப் பார்த்தார்கள். ஆமாம், அதே ஆர்எக்ஸ்-7தான். ஜப்பான் வேலை முடிந்து திரும்பியபோது அவர் கப்பலில் கொண்டுவந்த வண்டி. பிஸ்டனுக்குப் பதிலாக முக்கோண ரோட்டார் சுழலும் ரோட்டரி இன்ஜின் அதில். 1991-இல் லெ மான் பந்தயத்தில் மாஸ்டாவின் ரோட்டரி கார் முதலாவதாக வந்தபோது, ஏதோ தன் மகனே ஜெயித்ததைப் போல நமக்கெல்லாம் வர்க்கி வாங்கிக் கொடுத்தாரே, அந்த மனிதரின் வண்டி.

அவர் போன பிறகு அது கொட்டகையிலேயே நின்றது. பெங்களூரில் இருக்கும் மகனுக்கு அதை ஓட்ட ஆசை வந்தது. நல்ல பையன், அப்பாவின் நினைவாகத்தான் செய்தான். அவனிடம் யாரோ ஏர் பம்ப், புகைக் கட்டுப்பாட்டு வால்வு, அந்த ரப்பர் குழாய்க் கூட்டம் எல்லாம் வெறும் சுமை, கழற்றிப் போட்டால் வண்டி பறக்கும் என்று சொல்லியிருக்கிறார்கள். கீழே ஒரு பட்டறையில் எல்லாவற்றையும் உருவி எடுத்தார்கள். அதோடு வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. பேட்டரி தீரும் வரை செல்ஃப் அடித்திருக்கிறார்கள், கார்புரேட்டரில் நேராகப் பெட்ரோல் ஊற்றியும் அடித்திருக்கிறார்கள். கடைசியில் லாரியில் ஏற்றி மேலே அனுப்பிவிட்டார்கள். இங்கே ஒருவர் வந்து கேஜ் வைத்துப் பார்த்து, கம்ப்ரஷன், அதாவது உள்ளே காற்றை அழுத்தும் வலு, போய்விட்டது, ரோட்டார் முனை சீல் தேய்ந்துவிட்டது, இன்ஜினைத் தூக்கிவிட்டு வேறு நாலு சிலிண்டர் இன்ஜின் வைத்துக்கொள்ளலாம் என்று தீர்ப்பு எழுதிவிட்டார்.

எனக்குக் கோபம் வந்தது அந்தத் தீர்ப்பின் மேல்தான். மேட்டுப்பாளையத்தில் இரண்டு விசிலில் வேகும் பருப்பு இங்கே வேகாது என்று தெரிந்தவர்கள், கேஜ் முள்ளும் இங்கே தாழ்ந்துதான் நிற்கும் என்று ஏன் யோசிப்பதில்லை? ஊட்டி 2,240 மீட்டர் உயரம். காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய முக்கால் பங்கு, 0.76. மாஸ்டா இந்த இன்ஜினுக்குச் சொல்லும் குறைந்தபட்சக் கம்ப்ரஷன் சதுர செ.மீ.க்கு 6 கிலோ. இங்கே நல்ல இன்ஜினும் அந்த அளவுக்குக் கீழே காட்டக்கூடும். நான் அளந்தபோது 4.7 வந்தது. 0.76-ஆல் வகுத்துப் பார், 6-ஐத் தாண்டும். பிலிம் தொழிற்சாலையில் வாக்குவம் கேஜுகளோடு வாழ்க்கையைக் கழித்த நமக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இன்னொன்றும் உண்டு. பிஸ்டன் இன்ஜினுக்கான கேஜ் மூன்று அறைகளில் எது அதிகமோ அதை மட்டும் பிடித்து வைத்துக்கொள்ளும். ரோட்டாருக்கு மூன்று பக்கம் அல்லவா? கேஜில் காற்று வெளியேறும் பொத்தானை அழுத்திப் பிடித்தபடி பார்த்தால்தான் முள் மூன்று முறை துள்ளுவது தெரியும். அதற்கும் முன்னால் நான் செய்தது காதை வைத்ததுதான். நான்கு பிளக்கையும் கழற்றிவிட்டு, முன்புறக் கப்பியின் போல்ட்டில் ஸ்பேனரைப் போட்டுக் கையாலேயே மெல்லச் சுற்றினேன். புஸ், புஸ், புஸ் என்று மூன்றும் ஒரே அளவில் வந்தன. பின்பக்க ரோட்டாரும் அப்படியே. ஒரு முனை சீல் உடைந்திருந்தால் அதை ஒட்டிய இரண்டு அறையும் சேர்ந்து செத்திருக்கும். ஒரு புஸ் மட்டும் பலமாகவும் மற்ற இரண்டும் மூச்சே இல்லாமலும் கேட்டிருக்கும். இந்த இன்ஜின் பிழைத்துத்தான் இருக்கிறது என்று அந்த இடத்திலேயே பையனிடம் சொல்லிவிட்டேன்.

பிறகு ஏன் ஸ்டார்ட் ஆகவில்லை? முதல் காரணம் ஓவர்ஃப்ளோ. பிளக் நான்கும் குளித்தது போல நனைந்திருந்தன. ரோட்டரியில் பெட்ரோல் தேங்கினால் சீல் மேல் இருக்கும் எண்ணெயைக் கழுவிவிடும். எண்ணெய் போனால் கம்ப்ரஷனும் போகும், மேலும் மேலும் செல்ஃப் அடித்தால் இன்னும் மோசமாகும். பெட்ரோல் ஏன் அவ்வளவு தேங்கியது என்பதுதான் எனக்குச் சுவையான கேள்வியாக இருந்தது. அவர்கள் ஊற்றியது மட்டுமல்ல. டாங்க் மூடியைத் திருகியபோது உள்ளேயிருந்து ஆவி சீறிக்கொண்டு வந்தது. பின்னால் தேடினேன். டாங்க் ஆவியை, அதைப் பிடித்துவைக்கும் கரி டப்பாவுக்குக் கொண்டுபோகும் குழாயில், டப்பாவைக் கழற்றிய கையோடு ஒரு போல்ட்டைச் செருகி அடைத்திருக்கிறார்கள். பகல் வெயிலில் டாங்க் சூடாகிறது, ஆவிக்குப் போக வழியில்லை, அந்த அழுத்தம் பெட்ரோலைத் தள்ளுகிறது, கார்புரேட்டரின் மிதவை ஊசியால் அதைத் தடுக்க முடியவில்லை. வண்டி நின்ற இடத்திலேயே குடித்துக்கொண்டிருந்தது, மணி!

இரண்டாவது, காற்றுக் கசிவு. இதைக் கண்டுபிடித்த விதத்தை நீ பார்த்திருக்க வேண்டும். சாம்பிராணிக் கரண்டியை மூடி போட்ட பால் டப்பாவுக்குள் வைத்து, சைக்கிள் பம்பால் அந்தப் புகையைக் கார்புரேட்டர் வாய் வழியாக உள்ளே தள்ளினேன். வாயைத் துணியால் அடைத்துவிட்டுக் காத்திருந்தோம். முதலில் கார்புரேட்டர் அடியில் மூடாமல் விட்ட இரண்டு சிறு குழாய் மூக்குகளில் புகை வந்தது. பிறகு, புகை வால்வைக் கழற்றிய இடத்தை மூடியிருந்த தகட்டின் ஓரத்தில், போல்ட்டுக்கும் போல்ட்டுக்கும் நடுவே நூல் போல எழும்பியது. மெல்லிய தகரம், பேக்கிங் கிடையாது, வெறும் பேஸ்ட். இறுக்க இறுக்க நடுவில் வளைந்து வாயைத் திறந்திருக்கிறது. செல்ஃப் சுற்றும் வேகத்தில் இன்ஜின் இழுப்பதே கொஞ்சம் காற்றுதான். அதில் பாதி இங்கே திருட்டுத்தனமாக நுழைந்தால் கார்புரேட்டர் எதை வைத்துப் பெட்ரோலை உறிஞ்சும்?

போல்ட்டைப் பிடுங்கினேன். மூக்குகளுக்கு மூடி போட்டேன். தகட்டுக்கு அடியில் தற்காலிகமாகப் பேக்கிங் தாள் வெட்டி வைத்தேன். இக்னிஷன் காயிலின் ஒயரை எடுத்துவிட்டு, ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்துக்கொண்டு, கீழ் பிளக் துளை வழியாகத் தேங்கியதையெல்லாம் துப்ப வைத்தோம். ஒவ்வொரு அறைக்குள்ளும் ஒரு தேக்கரண்டி இன்ஜின் ஆயில் ஊற்றிக் கையால் சுற்றிவிட்டு, காய்ந்த பிளக் போட்டு, புது பேட்டரியில் சாவியைத் திருப்பினேன். இருமியது, நின்றது, மறுபடி இருமியது. அப்புறம் பிடித்துக்கொண்டது. கேத்தி பக்கம் தீப்பிடித்துவிட்டதா என்று யாராவது ஓடிவந்திருந்தாலும் ஆச்சரியமில்லை, அவ்வளவு வெள்ளைப் புகை. புகை அடங்கியதும் அந்தப் பழைய சத்தம் வந்தது. பையன் பம்பரைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டான்.

அடுத்ததில் உன் அபிப்பிராயம் எனக்கு வேண்டும். ஸ்டார்ட் ஆகிவிட்டது, இனி அந்தச் சாமான்களைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம் என்கிறான் அவன். கூடாது என்கிறேன் நான். ரோட்டரியின் அறை நீளமாகவும் தட்டையாகவும் இருக்கிறது. தீ ஓரங்களுக்குப் போய்ச் சேருவதற்குள் அணைந்துவிடும், எரியாத பெட்ரோல் அப்படியே வெளியே வரும். ஏர் பம்ப் தள்ளும் காற்றில்தான் அந்த மிச்சம் சைலன்சர் பக்கம் எரிகிறது. 1970-களில் மாஸ்டா அமெரிக்காவில் கார் விற்கவே இந்த ஏற்பாடு இல்லாமல் முடியவில்லை. இந்த உயரத்தில் காற்று குறைவு, கலவையில் பெட்ரோலின் பங்கு இன்னும் கூடுதல். மாலையில் மூடுபனி இறங்கினால் வண்டிப் புகை பள்ளத்தை விட்டு நகர்வதில்லை. சேரிங்கிராஸில் ஒரு சீசன் ஞாயிற்றுக்கிழமை நின்று பார்த்தவனுக்குத் தெரியும். அண்ணன் வீட்டுக்குக் கீழேயே பள்ளிப் பிள்ளைகள் நடக்கிற பாதை. புகைச் சான்று எப்படியோ கிடைத்துவிடும் என்கிறான், எனக்கு அந்தப் பேச்சே பிடிக்கவில்லை. வெடித்த ரப்பர் குழாய்களை மாற்றுவோம், பம்பும் வால்வும் அவற்றின் இடத்துக்குத் திரும்பட்டும். கழற்றிய எல்லாமே ஒரு சாக்கில் இருக்கின்றன. சாக்கை என் வீட்டுக்குத் தூக்கிவந்துவிட்டேன்.

நல்லவேளை, இன்ஜினுக்குள் கொஞ்சம் கொஞ்சமாக ஆயில் விடும் ஆயில் மீட்டரிங் பம்பை விட்டுவைத்தார்கள். கார்புரேட்டருக்குப் போகும் அந்த மெல்லிய குழாய்களையும் தேவையில்லாதது என்று பிடுங்கியிருந்தால், உன் யெஸ்டி பைக்கைப் போல ஒவ்வொரு முறையும் பெட்ரோலில் ஆயில் கலந்து ஊற்ற வேண்டியிருக்கும். அந்தக் கலவையை நீ எந்த லட்சணத்தில் கலப்பாய் என்று கல்லட்டி எருமைக்கே தெரியும்.

உன்னிடம் கேட்பது இதுதான். வால்வு உட்காரும் முகம் பேஸ்ட் சுரண்டியதில் கீறிப்போயிருக்கிறது. அதைச் சரிசெய்யும் வரை வண்டி ஓட ஒரு நல்ல மூடித் தகடு வேண்டும். 6 மி.மீ. அலுமினியம், ஒரு பக்கம் சுத்தமாகத் தட்டையாக இருக்கட்டும். அச்சை அட்டையில் பதித்து இத்துடன் வைத்திருக்கிறேன். துளைகளை அட்டையில் இருப்பதைவிட அரை மி.மீ. பெரிதாகப் போடு. கோவையில் உக்கடம் பக்கம் போனால் பெட்ரோல் தாங்கும் ரப்பர் குழாய் ஐந்து மீட்டர் வாங்கிவை, சாதாரணக் குழாய் வேண்டாம். கணபதிப் பட்டறையில் பையன்களிடம் ஒப்படைக்காமல் தகட்டை நீயே லேத்தில் பிடி. பார்சலில் அனுப்பாதே, நேரில் கொண்டு வா. காரில் வருவதானால் இ-பாஸ் எடுத்துக்கொள், பஸ்ஸில் வந்தால் அந்தத் தொல்லை இல்லை. பையன் அடுத்த சனிக்கிழமை வரைதான் இங்கே இருப்பான். ஏர் பம்ப் விஷயத்தில் நான் சொன்னால் கிழவர் பேச்சு என்கிறான், நீ சொன்னால் கேட்பான்.

உன்
சேகர்