விளக்கணைத்த லண்டனில் வேலைக்குப் போன பெரியவருக்கு

மதிப்பிற்குரிய ஸ்பில்ஸ்பரி ஐயா,

வாடகை நூலகத்தில் மாத நாவல் எடுத்துப் படித்த காலத்திலிருந்தே வயதான துப்பறிவாளர்கள் என்றால் எனக்கு உயிர். ஊரே கலவரத்தில் கிடக்கும். இரண்டு பெரியவர்கள் குடையும் பையுமாகக் கிளம்புவார்கள். வழியெல்லாம் சண்டை போட்டுக்கொள்வார்கள், மாத்திரை போட மறந்துபோவார்கள், கடைசியில் கொலைகாரனைப் பிடித்துவிடுவார்கள். நிஜத்தில் அப்படி யாராவது இருந்தார்களா என்று தேடப் போய்த்தான், கொலை வழக்குகளுக்காகப் பிரேதப் பரிசோதனை செய்த லண்டன் மருத்துவரான உங்களிடம் வந்து சேர்ந்தேன். ஆனால் உங்கள் கதையில் அந்த இரண்டாவது பெரியவர் இல்லை. அதுதான் இத்தனை நாளாக மனதை அரித்துக்கொண்டிருக்கிறது.

1942 பிப்ரவரி, இரண்டாம் உலகப் போர்க் காலம். உங்களுக்கு 64 வயது. குண்டுவீச்சுக்குப் பயந்து விளக்கணைத்த லண்டனில் தெருவிளக்கு எரிந்து இரண்டரை வருஷம் ஆகிவிட்டது. ஜன்னலுக்கெல்லாம் கறுப்புத் துணி. குண்டு விழுந்த வீடுகளில் புகுந்து திருடுகிறவர்கள் ஒரு பக்கம், உறவுகளைப் பறிகொடுத்தவர்கள் ஒரு பக்கம். அந்த இருட்டுக்குள் ஒருவன் ஒரே வாரத்தில் நான்கு பெண்களைக் கொன்றான். 9ஆம் தேதி காலையில் மாண்டகு பிளேஸில் ஒரு பதுங்குமிடத்தில் கிடந்தவர் எவலின் ஹாமில்டன், மருந்தாளுநர். மறுநாள் சோஹோவில் வார்டர் தெருவில் எவலின் ஓட்லி. அப்புறம் இன்னும் இரண்டு பேர். நான்கு உடல்களும் உங்கள் மேஜைக்குத்தான் வந்தன.

நீங்கள் வேலை செய்யும் விதத்தைப் படிக்கும்போதெல்லாம் அசந்துபோகிறேன். ஆறடிக்கு மேல் உயரம், கோட்டில் ஒரு கார்னேஷன் பூ. பிணத்தருகே குனிந்து மூக்கால் முகர்ந்து பார்ப்பீர்கள். கையுறை போட மாட்டீர்கள். ஆனால் 1924இல் ஈஸ்ட்போர்ன் கடற்கரை வீட்டில் கொலையுண்ட எமிலி கேயின் உடல் பாகங்களை ஒரு போலீஸ் அதிகாரி வெறுங்கையால் அள்ளுவதைப் பார்த்துப் பதறியவரும் நீங்கள்தான். அதற்குப் பிறகுதான் ரப்பர் கையுறை, பூதக்கண்ணாடி, அளவு நாடா எல்லாம் அடங்கிய பை ஒன்று லண்டன் போலீஸான ஸ்காட்லாந்து யார்டின் துப்பறிவாளர்களுக்கு வந்தது. அடுத்தவர் கைக்கு அவ்வளவு அக்கறை, தன் கைக்கு ஒன்றுமில்லை!

அந்த வாரம் உங்களோடு வேலை பார்த்த பிரெட் செரிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். கைரேகைப் பிரிவுக்காரர். ஓட்லியின் வீட்டில் கிடந்த டின் ஓபனரில் இடது கை ரேகை கண்டார். மூன்றாவது பெண்ணின் வீட்டில் மெழுகுவர்த்தி ஸ்டாண்டில் இருந்ததோ வலது கை ரேகை. வேறு யாராக இருந்தாலும் குழம்பியிருப்பார்கள். செரில் யோசித்தார்: மெழுகுவர்த்தியை உருவும்போது பழக்கப்பட்ட கை மெழுகுவர்த்தியைப் பிடிக்கும், மற்ற கைதான் ஸ்டாண்டைப் பிடிக்கும். ஆக, ஆள் இடது கைக்காரன். இதைப் படித்த ராத்திரி கரண்ட் போனபோது நானே ஒரு மெழுகுவர்த்தியை எடுத்து உருவிப் பார்த்தேன். செரில் சொன்னது அப்படியே சரி. (செரில் கையாண்ட ரேகை வகைப்பாட்டு முறை கல்கத்தாவில் அஜிசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் இருவரின் உழைப்பில் உருவானது. வங்காளப் போலீஸ் தலைவராக இருந்த எட்வர்ட் ஹென்றியின் பெயரோடு 1901இல் லண்டன் போனது. அந்த இரண்டு பெயர்களையும் இங்கே எழுதாமல் போக எனக்கு மனம் வரவில்லை.)

கடைசியில் ஆளைக் காட்டிக்கொடுத்தது ஒரு நம்பர். பிக்கடில்லி பக்கம் ஒரு பெண்ணின் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தபோது யாரோ வரும் சத்தம் கேட்டு ஓடியவன், தன் வாயு முகமூடியை அங்கேயே விட்டுவிட்டான். அதில் 525987 என்று எழுதியிருந்தது. விமானப்படையில் பயிற்சியில் இருந்த கார்டன் கம்மின்ஸ் அகப்பட்டான். ஜூன் 25இல் வான்ட்ஸ்வொர்த் சிறையில் தூக்கு.

இங்கே உங்களிடம் மறைக்காமல் ஒன்று சொல்ல வேண்டும், ஐயா. இந்த வழக்கில் உங்கள் சொல் மட்டும் நிற்கவில்லை. ரேகை நின்றது, நம்பர் நின்றது. 1925இல் நார்மன் தோர்ன் வழக்கில் அப்படியில்லை. தன் காதலி எல்சி கேமரன் தானே தூக்கு மாட்டிக்கொண்டாள் என்றான் தோர்ன். கழுத்தில் கயிற்றுத் தடம் இல்லவே இல்லை என்றீர்கள் நீங்கள். மாற்றிச் சொன்ன மருத்துவர்களும் இருந்தார்கள். ஜூரி உங்களைத்தான் நம்பியது, அவன் தூக்கில் தொங்கினான். ஷெர்லாக் ஹோம்ஸை எழுதிய ஆர்தர் கோனன் டாயிலுக்கே அந்தத் தீர்ப்பில் சந்தேகம் இருந்தது. "ஐயா, இன்னொரு தடவை பார்த்துவிடலாமே" என்று பக்கத்தில் நின்று சொல்ல உங்களுக்கு ஒரு ஆள் இருந்திருக்க வேண்டும். கதைகளில் அந்த இரண்டாவது கிழவர் செய்கிற வேலையே அதுதானே.

வேலையில் மட்டும்தான் தனிமை என்றால் இந்தக் கடிதத்தை எழுதியிருக்க மாட்டேன். 1940இல் உங்களுக்குப் பக்கவாதம் வந்தது. அதே வருஷம் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் டாக்டராக இருந்த உங்கள் மகன் பீட்டர் குண்டுவீச்சில் இறந்தான். நீங்கள் வேலையை விடவில்லை. ஒன்றரை வருஷம் கழித்து யாரோ பெற்ற பிள்ளைகளின் கழுத்துத் தடங்களை அளந்துகொண்டிருந்தீர்கள். 1945இல் இன்னொரு மகன் ஆலனும் காசநோயில் போனான். 1947 டிசம்பர் 17இல் உங்கள் ஆய்வுக்கூடத்திலேயே உங்கள் உயிரை நீங்களே முடித்துக்கொண்டீர்கள்.

செய்த பிரேதப் பரிசோதனைகளை அட்டை அட்டையாக எழுதி வைத்தீர்கள். என்றைக்காவது புத்தகமாக்குவதற்காக. அந்தப் புத்தகம் வரவேயில்லை. 4,000க்கும் மேற்பட்ட அட்டைகள் இப்போது லண்டன் வெல்கம் நூலகத்தில் பத்திரமாக இருக்கின்றன. எந்தத் தெரு, எந்த உடல், என்ன காயம் என்று எல்லாவற்றையும் எழுதி வைத்தீர்களே, பீட்டரைப் பற்றி யாரிடமாவது வாய்விட்டுப் பேசினீர்களா?

மரியாதையுடன்,
உங்களைத் தேடி வந்த ஒரு வாசகன்