எந்த ஆயில் என்று கேட்டாயே

கண்ணம்மாவுக்கு,

நேற்று போனில் நீ அவசரத்தில் இருந்தாய், நானும் பாதியில் விட்டுவிட்டேன், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். உன் கார் எஞ்சினுக்கு இனிமேல் சிந்தடிக் ஆயில்தான் ஊற்ற வேண்டும் என்று மெக்கானிக் சொல்கிறார், உன்னோடு வேலை பார்க்கிற பையன் பழைய வண்டிக்கு அதை ஊற்றினால் ஒழுக ஆரம்பித்துவிடும், மினரல் ஆயிலை விட்டு நகராதே என்கிறான், நீ நடுவில் நின்று முழிக்கிறாய். இரண்டு பேர் சொல்வதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் இரண்டு பேருமே உன் வண்டியைப் பார்த்துச் சொல்லவில்லை, அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

ஒழுகும் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதே பயத்தில் நானும் இருந்தவள். என் வண்டிக்கு, 2002-ல் வாங்கியதிலிருந்து மினரல் ஆயில்தான் ஊற்றினேன். 1,10,000 கிலோமீட்டர் தாண்டியபோது முதல் முறையாக சிந்தடிக்குக்கு மாற்றினேன், மூன்றாவது வாரமே வண்டி நின்ற இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறை. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. உடனே எல்லாவற்றையும் வடித்துவிட்டுப் பழையபடி மினரல் ஊற்றினேன். கசிவு நிற்கவில்லை. அப்புறம் வேறொரு மெக்கானிக்கிடம் கொண்டு போனேன், அவர் எஞ்சினின் மேல்பக்கத்தை நன்றாகத் துடைத்து, ஓடவிட்டு, டார்ச் அடித்துப் பொறுமையாகப் பார்த்தார். வால்வ் கவர் கேஸ்கெட், அதாவது எஞ்சின் மேல்மூடியின் ஓரத்தில் ஆயில் கசியாமல் அடைக்கிற ரப்பர் பட்டை. கழற்றி என் கையில் கொடுத்தார். அதை ரப்பர் என்று சொல்லவே முடியாது, வளைத்துப் பார்த்தேன், காய்ந்த குச்சி மாதிரி படக்கென்று ஒடிந்தது. அத்தனை வருஷச் சூட்டில் எப்போதோ இறுகிச் செத்துப்போனதை, ஓரத்தில் படிந்திருந்த அழுக்குதான் அதுவரை அடைத்துக்கொண்டு இருந்திருக்கிறது. புது ஆயில் அழுக்கைக் கரைத்ததும் உள்ளே இருந்த ஓட்டை வெளியே தெரிந்தது. கேஸ்கெட்டை மாற்றிய பிறகு மறுபடியும் சிந்தடிக்தான் ஊற்றினேன், அதன் பிறகு ஒரு சொட்டுகூட விழவில்லை.

அந்தப் பையன் சொன்னது ஆகாயத்திலிருந்து வந்த பேச்சு இல்லை. ஆரம்பகால சிந்தடிக் ஆயில்கள் சில, ஆயில் வெளியேறாமல் அடைக்கிற ரப்பர் சீல்களைச் சுருங்க வைத்தது உண்மை. பிறகு அதைச் சரிக்கட்ட அந்த சீல்களை லேசாக உப்ப வைக்கும் பொருள்களைச் சேர்த்துவிட்டார்கள். பேச்சு மட்டும் இன்னும் ஓயவில்லை.

சரி, சிந்தடிக்கில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்பாய். மினரல் ஆயில் கச்சா எண்ணெயைச் சுத்திகரித்து எடுப்பது, அதில் பெரிதும் சிறிதுமாகப் பலவித மூலக்கூறுகள் கலந்திருக்கும், கொஞ்சம் மெழுகும் இருக்கும். குளிரில் அந்த மெழுகு உறைந்து ஆயில் கெட்டிப்படும். சிந்தடிக்கில் மூலக்கூறுகள் பெரும்பாலும் ஒரே அளவாக இருப்பதால் குளிரில் சட்டென்று ஓடும், சூட்டில் சீக்கிரம் கருகாது. ராத்திரி முழுக்கக் குளிரில் நின்ற எஞ்சினை நீ காலையில் ஸ்டார்ட் செய்யும் அந்த முதல் சில விநாடிகளில், ஆயில் மேலே ஏறி வருவதற்குள்தான் தேய்மானம் அதிகம். நீ இருக்கும் குளிருக்கு இது ஒன்றே எனக்குப் போதுமான காரணம்.

ஆனால் டப்பாவில் சிந்தடிக் என்று எழுதியிருக்கிறதா என்பதைவிட, கையேட்டில் போட்டிருக்கிற எண் முக்கியம். உன் வண்டிக்கு 10டபிள்யூ-40. முதல் எண் குளிரில் எப்படி ஓடும் என்பதற்கு, டபிள்யூ என்பது வின்டர், கடைசி எண் எஞ்சின் சூடான பிறகு எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதற்கு. பழைய எஞ்சின்தானே, கெட்டியாக 20டபிள்யூ-50 ஊற்றலாம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதே, உன் ஊர்க் குளிரில் காலையில் அது நகரவே யோசிக்கும். ஏபிஐ எழுத்தும் பார், அது அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம் ஆயிலின் தரத்துக்குக் கொடுக்கிற எழுத்து. கையேட்டில் எஸ்ஜே என்று இருக்கும், அதற்குப் பிறகு 2020-ல் எஸ்பி, 2025-ல் எஸ்க்யூ என்று வந்துவிட்டன, பின்னால் வந்தது உன் வண்டிக்குத் தாராளமாகப் பொருந்தும். உன் சிநேகிதியின் அப்பா வைத்திருக்கும் எழுபதுகளின் காருக்கு மட்டும் இதைச் சொல்லிவிடாதே. அந்தக் காலத்து எஞ்சின்கள் பலவற்றில் வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட் என்ற தண்டு, வால்வைத் தள்ளுகிற டாப்பெட்டின் மேல் நேராக உரசிக்கொண்டு சுற்றும், அதைக் காப்பாற்றுவது ஆயிலில் உள்ள துத்தநாகமும் பாஸ்பரசும்தான். புகைக்குழாயில் நச்சுப் புகையைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கெடுக்கிறது என்று, மெல்லிய ரக ஆயில்களில் பாஸ்பரசை 0.08 சதவீதத்துக்கு மேல் போகாமல் 2004-லிருந்து கட்டுப்படுத்திவிட்டார்கள். அவர் துத்தநாகம் அதிகம் உள்ள ஆயிலாகத் தேடி வாங்க வேண்டும், அது மினரலா சிந்தடிக்கா என்பது அப்புறம்.

இப்போது நீ செய்ய வேண்டியது. இந்த ஒரு மாதம் எதையும் மாற்றாதே. ராத்திரி வண்டியை நிறுத்தியதும் எஞ்சினுக்கு அடியில் ஒரு பெரிய அட்டையை விரித்து வை, காலையில் சொட்டு இருக்கிறதா பார். ஞாயிற்றுக்கிழமை தோறும் சமதளத்தில், எஞ்சின் ஆறியிருக்கும்போது ஆயில் அளவு பார்க்கிற கம்பியை, அதுதான் டிப்ஸ்டிக், உருவி, துணியால் துடைத்து, திரும்ப முழுவதும் சொருகி எடுத்துப் பார், முதல் தடவை தெரிவது கணக்கில்லை. மேல் கோட்டுக்கும் கீழ்க் கோட்டுக்கும் நடுவில் எங்கே நிற்கிறது என்று ஓடிய கிலோமீட்டரோடு எழுதி வை. கறுப்பாக இருந்தால் பதறாதே, அழுக்கைத் தன்னோடு சுமக்கிற ஆயில் கறுக்கத்தான் செய்யும். ஆயில் ஊற்றும் மூடியைத் திருகி உள்பக்கத்தையும் பார்த்துவிடு, கறுப்புக் களிமண் மாதிரி அப்பியிருந்தால் எதையும் ஊற்றுவதற்கு முன் எனக்குச் சொல். மெக்கானிக் ஃப்ளஷ் என்கிற கழுவும் திரவம் போட்டு எஞ்சினின் உள்ளே கழுவித் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடு, கட்டியாகப் பெயர்ந்து வரும் அழுக்கு ஆயில் பம்பின் வலையில் போய் அடைத்தால் எஞ்சினே போய்விடும்.

அட்டை சுத்தமாக, அளவும் இறங்காமல் இருந்தால் சிந்தடிக் ஊற்று, நான் மனசாரச் சொல்கிறேன். ஃபில்டரையும் அன்றே மாற்று. ஆனால் வண்டி ஆயில் குடிக்கிறது, பின்னால் நீலப் புகை வருகிறது என்றால், எரித்துத் தள்ளுவதற்கு அவ்வளவு விலை கொடுக்காதே. அதிக கிலோமீட்டர் ஓடிய வண்டிகளுக்கென்றே சீல்களை மென்மையாக்கும் மருந்து சேர்த்து செமி சிந்தடிக் வருகிறது, அது போதும். அவசரத்துக்கு ஒன்றின் மேல் ஒன்றை டாப்-அப் செய்தாலும் ஒன்றும் ஆகாது, செமி சிந்தடிக் என்பதே இரண்டின் கலவைதானே.

சிந்தடிக் ஊற்றினாலும் முதல் தடவை 3,000 கிலோமீட்டரிலேயே மாற்றிவிடு, பழைய அழுக்கு அதில்தான் இறங்கும். அதன் பிறகும் டப்பாவில் போட்டிருக்கிற பெரிய எண்ணை நம்பி நீட்டாதே. நீ தினமும் ஓட்டுவது பத்து நிமிஷம், எஞ்சின் முழுதாகச் சூடாவதற்குள் அணைத்துவிடுகிறாய், உள்ளே சேரும் ஈரமும் பெட்ரோலும் ஆவியாகவே நேரம் கிடைப்பதில்லை. கிலோமீட்டர் ஓடாவிட்டாலும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை மாற்று. வாரத்தில் ஒரு நாளாவது அரை மணி நேரம் சேர்ந்தாற்போல் ஓட்டு.

இன்னொன்று, ஓடும்போது ஆயில் கேன் படம் போட்ட சிவப்பு விளக்கு எரிந்தால், வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்காதே கண்ணு, ஓரமாக நிறுத்தி அந்த இடத்திலேயே அணைத்துவிடு. அது ஆயிலின் அழுத்தம் விழுந்துவிட்டது என்று சொல்லும் விளக்கு.

முதல் வாரத்து அட்டையைப் போட்டோ எடுத்து அனுப்பு. எந்தப் பக்கம் பம்பர் என்று அட்டையிலேயே பேனாவால் எழுதி வை, சொட்டு எங்கிருந்து விழுகிறது என்று நான் பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அம்மா